பாலக்காட்டுப் பக்கம் புதிதாக வந்தவர்கள் சலூன் நாற்காலியில் உட்காரும் முன்

வாளையாறு தாண்டி கஞ்சிக்கோட்டுக்கு வேலைக்கு வந்த முதல் மாதம். தங்கையின் நிச்சயதார்த்தத்துக்கு மூன்று நாள் இருந்தது. அறைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சலூனில் போய் உட்கார்ந்து, ஊரில் சொல்வது போலவே "குறைச்சு வெட்டுங்க" என்றேன். அவர் நுனியை மட்டும் தட்டிவிட்டுக் கண்ணாடியைக் காட்டினார். "இன்னும் குறைங்க" என்றேன். "பற்றெ வெட்டட்டே?" என்று கேட்டார். "பத்தலையா?" என்று கேட்பதாக நினைத்துத் தலையாட்டிவிட்டேன். மிஷின் நெற்றியிலிருந்து உச்சி வரைக்கும் ஒரே ஓட்டமாக ஓடியது. மலையாளத்தில் ‘பற்றெ’ என்றால் தோலோடு ஒட்ட என்று அன்று இரவு உடன் தங்கியிருந்தவர் சொல்லித்தான் தெரிந்தது.

தங்கையின் நிச்சயதார்த்தப் படங்களில் நான் காய்ச்சலில் கிடந்து எழுந்தவன் போல நிற்கிறேன். அம்மா இன்றும் அந்த ஆல்பத்தைத் திறந்தால் அந்தப் பக்கத்தில் ஒரு நிமிடம் நிற்பார். அதே நாளில் கழுத்தில் பட்ட பழைய பிளேடால் இரண்டு வாரம் பொரிப்பொரியாகக் கிளம்பி, சட்டைக் காலர் உரசினாலே எரிந்தது. இந்த இரண்டுமே தவிர்த்திருக்கக் கூடியவை. பொள்ளாச்சி, உடுமலை, கோவைப் பக்கமிருந்து இங்கே வேலைக்கும் படிப்புக்கும் வரும் பையன்களுக்கு அந்த அனுபவம் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. முதல் நாள் கடையைப் பார்க்க மட்டும் போங்கள்

வந்த வாரமே முடி வெட்ட வேண்டிய நிலைமையில் வராதீர்கள். முடிந்தால் ஊரில் வெட்டிக்கொண்டு வாருங்கள். அப்போது கடை தேட மூன்று நான்கு வாரம் கிடைக்கும்.

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் தங்குகிறீர்கள் என்றால் பெரும்பாலும் தமிழிலேயே காரியம் நடந்துவிடும். கஞ்சிக்கோடு, அதை அடுத்த புதுச்சேரி (பாண்டிச்சேரி இல்லை), பாலக்காடு டவுன் என்று மேற்கே போகப் போக மலையாளம் வேண்டும். வட இந்தியத் தம்பிகள் வேலை செய்யும் கடைகளும் நிறைய உண்டு. அங்கே இரண்டு மொழியும் உதவாது, விரலும் போட்டோவும்தான்.

ஒரு டீ குடிக்கிற நேரம் கடை வாசலில் நின்று கவனியுங்கள். ஒருவருக்கு ஷேவிங் முடிந்து அடுத்தவர் உட்காரும்போது பிளேடை மாற்றுகிறாரா? மிஷின் தலைப்பை ஸ்பிரிட்டில் துடைக்கிறாரா, இல்லை ஊதிவிட்டு அப்படியே அடுத்த தலையில் வைக்கிறாரா? போர்த்தும் துணி கழுத்தில் படும் இடத்தில் புதிதாகப் பேப்பரோ டிஷ்யூவோ சுற்றுகிறாரா? இந்த மூன்றும் சரியென்றால் கடை சிறியதா, கண்ணாடி பழையதா என்பதெல்லாம் பொருட்டே இல்லை. நான் இப்போது போகும் கடையில் இரண்டு நாற்காலிதான், ஏசி கிடையாது. ஆனால் அவர் கை சுத்தம்.

சுவரில் விலைப்பட்டியல் தொங்குகிறதா என்றும் பாருங்கள். தொங்கினால் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

2. நாளும் நேரமும்

எங்கள் தெருவில் செவ்வாய் விடுமுறை. உங்கள் கடையில் என்ன கிழமை என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். ஞாயிறு காலை போகாதீர்கள். பின்னால் ஆறு பேர் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எவ்வளவு நல்ல கைக்காரரும் அவசரப்படத்தான் செய்வார். ஷிப்டு வேலையில் இருப்பவர்களுக்கு வார நாளில் மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை நல்ல நேரம். கடைக்காரர் சாப்பிட்டுவிட்டு நிதானமாக இருப்பார், சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பார்.

எல்லைப்புறம் என்பதால் இங்கே இரண்டு ஊர்ப் பண்டிகைக் கூட்டமும் சேர்ந்து வரும். தீபாவளிக்கு முந்தின இரண்டு நாள் தமிழ்க் கூட்டம். ஓணத்துக்கு முந்தின நாளான உத்ராடத்தன்று மலையாளக் கூட்டம். விஷுவும் நம் சித்திரை ஒன்றும் ஏப்ரல் 14, 15 வாக்கில் ஒட்டியே வரும், அன்று இரண்டும் சேர்ந்துகொள்ளும். அப்புறம் சபரிமலை. நவம்பர் நடுவில் விருச்சிகம் (நம் கார்த்திகை) ஒன்றாம் தேதி மாலை போடுபவர்கள் விரதம் முடியும் வரை முடி, தாடி எதையும் தொடமாட்டார்கள். அதனால் மாலை போடும் முன் இரண்டு மூன்று நாளும், மலையிறங்கி வரும் டிசம்பர் கடைசி, ஜனவரி நடுவிலும் நாற்காலி காலியாக இருக்காது. இடைப்பட்ட வாரங்களில் போனால் காத்திருக்கவே வேண்டாம்.

வீட்டில் விசேஷம் என்றால் ஒரு வாரத்துக்கு முன்னால் முடி வெட்டுங்கள். அந்த ஒரு வாரத்தில் ஓரங்கள் மெத்தென்று ஆகிவிடும், ஏதாவது கோணலாக இருந்தால் திருத்தவும் நாள் இருக்கும். தாடி ஓரத்தை மட்டும் முந்தின நாள் சரிசெய்துகொள்ளலாம். நான் செய்தது போல மூன்று நாள் இருக்கும்போது புதுக் கடைக்குப் போகாதீர்கள்.

3. கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

ஆவணம் என்றதும் ஆதாரை நினைக்காதீர்கள். இங்கே ஆவணம் உங்கள் போட்டோதான். ஊரில் நன்றாக வெட்டிய நாளிலிருந்து மூன்று நான்கு நாள் கழித்து, முன்பக்கம், பக்கவாட்டு, பின்னந்தலை என்று மூன்று படம் எடுத்து வையுங்கள். பின்னந்தலைப் படத்தை எல்லோரும் விட்டுவிடுகிறோம். ஆனால் வெட்டுகிறவருக்கு அதிகம் வேண்டியது அதுதான். சுழி எந்தப் பக்கம், கழுத்தருகே வளைத்திருக்கிறதா, நேர்க்கோடா என்று அதில்தான் தெரியும்.

நடிகர் படத்தைக் காட்டுவதைவிட உங்கள் படத்தையே காட்டுங்கள். நடிகரின் முடி அடர்த்தியும் நெற்றியும் வேறு. உங்கள் தலையில் இதே வெட்டு ஒருமுறை நின்றிருக்கிறது என்பதற்கு உங்கள் படம்தான் சாட்சி.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், சின்னக் காயம் பட்டாலும் தழும்பு தடித்து எழும்புகிறவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கத்தி வேண்டாம், மிஷினிலேயே ஓரம் ஒதுக்குங்கள் என்றால் போதும், யாரும் தப்பாக நினைப்பதில்லை.

4. துணி போர்த்தும் முன் பேசி முடியுங்கள்

பெரும்பாலான தவறு இங்கேதான் நடக்கிறது. தமிழும் மலையாளமும் பக்கத்து வீடு என்பதால் புரிந்துவிட்டது என்று இரண்டு பேருமே நினைத்துக்கொள்கிறோம்.

‘குறச்சு’ என்றால் மலையாளத்தில் கொஞ்சம். நாம் நீளத்தைக் குறைக்கச் சொல்லிக் "குறைச்சு வெட்டுங்க" என்போம். அவருக்குக் கொஞ்சமாக வெட்டச் சொன்னதாகக் கேட்கும். நீளம் குறைய வேண்டும் என்றால் "நீளம் குறய்க்கணம்" என்று சொல்லுங்கள். நுனி மட்டும் போதும் என்றால் "குறச்சு மதி".

‘பற்றெ’ பற்றி மேலே சொல்லிவிட்டேன். அந்தச் சொல் காதில் விழுந்தால் தலையை ஆட்டாதீர்கள்.

‘மதி’ என்றால் போதும். நாற்காலியில் உங்களுக்கு மிகவும் உதவப் போகும் சொல் இதுதான். கண்ணாடியைப் பின்னால் பிடித்து "மதியோ?" என்று கேட்பார். சரியாக இருந்தால் "மதி". "இனியும் வெட்டணோ?" என்றால் இன்னும் வெட்டட்டுமா என்று கேட்கிறார்.

‘வடிக்குக’ என்றால் மழிப்பது. நமக்கு வடிப்பது என்றால் சோறுதான் நினைவுக்கு வரும், அதனால் கேள்வியே புரியாமல் சரி சரி என்று சொல்லிவிடுவோம். தாடி வைத்திருக்கிறவர்கள் இதைக் கட்டாயம் மனப்பாடம் செய்ய வேண்டும்: "தாடி வடிக்கண்ட, ட்ரிம் செய்தா மதி." மீசையைத் தொட வேண்டாம் என்றால் "மீச தொடண்ட".

கிருதா கவலை வேண்டாம், அங்கேயும் ‘கிருதாவு’தான். காதுமடல் நடுவரைக்குமா, கீழ்நுனி வரைக்குமா என்று விரலால் தொட்டுக் காட்டுங்கள்.

அவரை எப்படிக் கூப்பிடுவது? பாலக்காட்டுப் பக்கம் "ஏட்டா" என்பார்கள், "சேட்டா" என்றாலும் சரி. தமிழ்க்காரர் என்றால் அண்ணா. தொழிலை வைத்துச் சாதிப் பெயரில் பேசும் பழைய வழக்கம் நம் ஊர்ப் பேச்சில் இன்னும் சிலரிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விளையாட்டுக்குக்கூட அது வாயில் வரக் கூடாது. தொண்டைக்குப் பக்கத்தில் கத்தி வைக்கும் அளவுக்கு நாம் நம்புகிற மனிதர் அவர்.

பேச்சு எதுவானாலும் துணி போர்த்தும் முன் முடித்துக்கொள்ளுங்கள். துணிக்குள் கை போன பிறகு விரலால் காட்டவும் முடியாது, போனை எடுக்கவும் முடியாது.

5. நம்பரில் சொல்லுங்கள், ஆனால் எந்த மிஷின் என்று பாருங்கள்

‘மீடியம்’, ‘ஷார்ட்’ என்பதற்கு ஆளுக்கொரு அர்த்தம். நம்பருக்கு அர்த்தம் ஒன்றுதான். முடிவெட்டும் மிஷினில் மாட்டும் சீப்பில் ஒன்று என்றால் சுமார் 3 மில்லிமீட்டர், இரண்டு 6, மூன்று 10, நான்கு 13. எட்டு என்றால் 25, அதாவது ஒரு இஞ்ச். ஜீரோ என்பது சீப்பே மாட்டாமல், தோல் தெரியும்.

பொறி ஒன்று இருக்கிறது. தாடிக்கு வைத்திருக்கும் ட்ரிம்மரில் பல கம்பெனிகள் நம்பரை நேராக மில்லிமீட்டரிலேயே போடுகின்றன. பெரிய மிஷினில் மூன்று என்றால் 10 மில்லிமீட்டர். ட்ரிம்மரில் மூன்று என்றால் 3 மில்லிமீட்டராக இருக்கலாம். "சைடு மூணு" என்று நீங்கள் சொல்லி, அவர் கையில் ட்ரிம்மர் இருந்தால் வெள்ளையாகிவிடும். முதல் தடவை ஒரு நம்பர் கூட்டியே சொல்லுங்கள். நான்கில் ஆரம்பித்தால் மூன்றுக்கு வரலாம், மூன்றிலிருந்து நான்குக்குப் போக ஒரு வாரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

சுருட்டை முடிக்காரர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். தண்ணீர் தெளித்து இழுத்து வெட்டும்போது நீளமாகத் தெரியும், காய்ந்ததும் சுருங்கி மேலே ஏறிவிடும்.

சரியாக அமைந்த நாளில் "சைடு 2, பின்னால் 2, மேலே கத்திரி, கிருதா பாதிக் காது" என்று போனில் எழுதி வையுங்கள். அடுத்த மாதம் உங்களுக்கே மறந்துவிடும்.

6. பிளேடு: இதில் மட்டும் கூச்சமே வேண்டாம்

"புதிய பிளேடு இடணே" என்று கேளுங்கள். கேட்டால் மட்டும் போதாது, உறையிலிருந்து எடுத்து உடைப்பதைக் கண்ணால் பாருங்கள். பல கடைகளில் இருபக்க பிளேடை உறையோடு பாதியாக உடைத்து ஒரு பாதியைக் கத்தியில் மாட்டுவார்கள். மீதிப் பாதியை அடுத்தவருக்கு எடுத்து வைப்பதில் தப்பில்லை, அது யார் முகத்திலும் படவில்லை என்றால். நீங்கள் உட்காரும்போது கத்தியில் ஏற்கெனவே ஏதோ மாட்டியிருந்தால் கழற்றச் சொல்லுங்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே, காய்ந்த பரப்பின் மேல், குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் போதும், டெட்டால் கலந்த தண்ணீரில் ஒரு முறை அலசியெடுத்தால் போய்விடாது. ஹெபடைடிஸ் சி-யும் ரத்தத்தின் வழியாகத் தொற்றுவதுதான், அதற்குத் தடுப்பூசியும் கிடையாது. பி-க்கு இருக்கிறது. பெரியவர்கள் மூன்று ஊசி போட வேண்டும்: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, முதல் ஊசியிலிருந்து ஆறாம் மாதம் மூன்றாவது. குழந்தைகளுக்கான அரசுத் திட்டத்தில் இது நாடு முழுவதும் வந்தது 2011 வாக்கில்தான். அதற்கு முன் பிறந்த நம்மில் பலர் போட்டிருக்கவே மாட்டோம். ஊருக்குப் போகும்போது வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

பிளேடைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், படிகாரக் கல்லை யாரும் பேசுவதில்லை. ஷேவிங் முடிந்ததும் கீறல் இருக்கும் இடத்தில் தேய்க்கும் அந்த ஒரே கல் அன்று எத்தனை முகத்தைப் பார்த்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். "கல் வேண்டா" என்று சொல்லிவிடுங்கள். நாட்டு மருந்துக் கடையில் ஒரு துண்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஐந்து பிளேடு உள்ள ஒரு பாக்கெட்டும் கூடவே வைத்துக்கொள்ளலாம். நான் கொடுத்தபோது கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை, வாங்கி மாட்டினார், அவ்வளவுதான்.

என் கழுத்தில் வந்த பொரிக்குப் பழைய பிளேடு பாதிக் காரணம். முடி வளரும் போக்குக்கு எதிராக இரண்டாவது தடவை இழுத்தது மீதிக் காரணம். அப்படி ஒட்ட மழித்தால் முடி திரும்ப வளரும்போது நுனி தோலுக்குள்ளேயே வளைந்துவிடும், சுருட்டை முடிக்காரர்களுக்கு இன்னும் அதிகம். கழுத்தில் எப்போதும் போக்கிலேயே, ஒரே தடவை. வழவழவென்று இருக்காது, ஆனால் எரியாது.

7. தாடி

புதிதாக வளர்க்கிறவர்கள் நான்கு வாரம் எதையும் தொடாமல் விடுங்கள். எங்கே அடர்த்தி, எங்கே வெற்றிடம் என்று தெரியாமல் கோடு போட்டால் இருப்பதும் போய்விடும்.

கழுத்துக் கோடு எங்கே என்பதை நீங்களே காட்டுங்கள். தொண்டைச் சங்குக்கு மேல் இரண்டு விரல் வைத்தால் அதுதான் இடம். அங்கிருந்து இரண்டு பக்கமும் காதின் பின்புறம் நோக்கி வளைந்து ஏற வேண்டும். தாடை எலும்பின் மேலேயே கோடு போட்டுவிட்டால் பேசும்போது தாடி முகத்தில் ஒட்டவைத்தது போல இருக்கும், கழுத்துச் சதையும் தனியாகத் தெரியும். கன்னத்துக் கோட்டை இயற்கையாக இருக்கும் இடத்திலேயே விடச் சொல்லி, தள்ளி நிற்கும் முடிகளை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் சமமாக்குகிறேன் என்று மாறி மாறி இறக்கிக்கொண்டே போனால் கடைசியில் கயிறு போல ஒரு கோடுதான் மிஞ்சும்.

முடியை வெட்டி முடித்த பிறகு தாடிக்கு வரச் சொல்லுங்கள். அப்போதுதான் கிருதாவும் தாடியும் சேரும் இடம் படிப்படியாக இறங்கும். தாடி காய்ந்திருக்கும்போதே ட்ரிம் செய்ய வேண்டும்.

கஞ்சிக்கோட்டில் புகை, தூசி, பெயின்ட் வாடை உள்ள பிரிவில் வேலை கிடைத்திருக்கிறதா? முகத்தோடு இறுக ஒட்டும் மாஸ்க் போட வேண்டியிருந்தால் அதன் விளிம்பு படும் இடத்தில் முடி இருக்கக் கூடாது. சில நாள் தாடிகூட இடைவெளி விட்டுப் புகையை உள்ளே விடும். மாஸ்க்குக்குள் அடங்கும் மீசை வைத்துக்கொள்ளலாம். கம்பெனியில் கேட்டுவிட்டுப் பிறகு தாடிக்குச் செலவு செய்யுங்கள்.

8. வேண்டாம் என்று சொல்ல வேண்டியவை

கழுத்தைப் பிடித்துச் சட்டென்று திருப்பிச் சொடக்கு எடுப்பதை நான் முழுதாக நிறுத்திவிட்டேன். சுகமாகத்தான் இருக்கும். ஆனால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் கழுத்தெலும்பின் வழியாகப் போகிறது. வேகமாகத் திருப்பும்போது அதன் உட்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரை போகும். தலையில் எண்ணெய் வைத்துத் தட்டிவிடட்டும், தோளைப் பிடித்துவிடட்டும். கழுத்து மட்டும் வேண்டாம்.

டை அடிப்பதாக இருந்தால் 48 மணி நேரத்துக்கு முன்னால் காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ ஒரு சொட்டு தடவிப் பார்க்க வேண்டும் என்று டப்பாவிலேயே போட்டிருப்பார்கள். கறுப்பு டையில் இருக்கும் ஒரு வேதிப்பொருள் சிலருக்குக் கண் மூடிக்கொள்ளும் அளவுக்கு முகத்தை வீங்க வைக்கும். தாடிக்கும் அதே டைதான், அதே சோதனைதான். விசேஷத்துக்கு முந்தின நாள் முதல்முறையாக டை அடிக்காதீர்கள். பேஷியலுக்கும் இதே பேச்சு.

9. செலவு

எங்கள் தெருவில் நான் கொடுப்பது முடிக்கு 150, தாடி ட்ரிம்முக்கு 80. டவுனில் ஏசி கடை என்றால் இதற்கு இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். உட்காரும் முன்பே தொகையைக் கேட்பது இங்கே சாதாரணம். எழும்போது "எத்ரயாயி?" (எவ்வளவு ஆயிற்று) என்று மறுபடி கேளுங்கள். "ஒரு பேக் போடட்டே?" "டீ-டான் (வெயில் கறுப்பை எடுப்பது) செய்யட்டே?" என்ற கேள்விகளுக்கு அரைத்தூக்கத்தில் உம் கொட்டினால் 230 ரூபாய் வேலை 700 ஆகிவிடும். எனக்கு ஒரு தடவை ஆனது.

ஜிஎஸ்டி போட்டுப் பில் கொடுக்கும் பெரிய சலூன் என்றால், 2025 செப்டம்பர் 22 முதல் வரி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. பில்லில் இன்னும் 18 இருந்தால் கேளுங்கள். தெருக்கடையில் இந்தப் பேச்சே இருக்காது.

மாதச் செலவைத் தீர்மானிப்பது கடையைவிட வெட்டுதான். ஃபேடு (பக்கவாட்டில் கீழே ஒட்ட வெட்டி, மேலே போகப் போக நீளம் கூடும் வெட்டு) வைத்தால் மூன்று வாரத்தில் அதன் அழகு போய்விடும், ஆண்டுக்கு 17 தடவை போக வேண்டும். ஒரு தடவைக்கு 200 என்றால் 3400 ரூபாய். கத்திரியில் வெட்டிய சாதாரண வெட்டு ஐந்து வாரம் தாங்கும், பத்து தடவை, 1500 ரூபாயில் முடிந்துவிடும். சம்பளம் வீட்டுக்கு அனுப்புகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு வெட்டைத் தேர்ந்தெடுங்கள்.

10. கெட்டுப்போனால்

அதே நாளில் வேறு கடைக்குப் போய்ச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். அங்கேயும் செய்யக்கூடியது ஒன்றுதான், இன்னும் குறைப்பது. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வளரும். பத்து நாளில் பாதிக் கோணல் தானாகவே மறைந்துவிடும்.

பிறகு அதே கடைக்குப் போங்கள். போனில் இருக்கும் படத்தைக் காட்டி, எங்கே மாறியது என்று கோபம் இல்லாமல் சொல்லுங்கள். நான் அப்படிப் போகவில்லை, கூச்சப்பட்டுக் கடை மாற்றினேன், அடுத்த கடையிலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. இப்போது போகும் இடத்தில் மூன்றாவது தடவையில்தான் என் சுழி அவருக்குப் பிடிபட்டது. நான்காவது தடவை நான் வாயைத் திறக்கும் முன் அவரே "சைடு ரெண்டு, மேலே கத்திரி, அல்லே?" என்றார்.

தோலில் வட்டமாகச் சிவந்து செதில் போல உரிந்தால் அது பொரி இல்லை, படர்தாமரை. மருந்துக் கடையில் கேட்டு ஏதாவது ஒரு களிம்பை வாங்கிப் போடாதீர்கள், ஸ்டீராய்டு கலந்த களிம்பு அதை இன்னும் பரப்பிவிடும். தோல் டாக்டரிடம் காட்டுங்கள். குணமாகும் வரை சலூனுக்குப் போகாதீர்கள். அடுத்து அந்த நாற்காலியில் உட்காரப் போகிறவருக்கும் வீட்டில் விசேஷம் இருக்கலாம்.